புவியியல் மாணவர்கள் வாய்ப்புகளைக் கோட்டைவிடும் இடங்கள்

புவியியல் படித்தால் வாத்தியார் வேலை, இல்லாவிட்டால் டிஎன்பிஎஸ்சி, அதற்கு மேல் எதுவும் கிடையாது என்று முதல் வருடத்திலேயே முடிவு கட்டிவிடுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது. அந்த இரண்டும் நல்ல வேலைகள்தான். ஆனால் வரைபடம் சம்பந்தப்பட்ட வேலைகள் இந்தியாவில் இவ்வளவு திறந்து கிடக்கிற காலம் முன்பு இருந்ததில்லை. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபடத் தரவுகள் மீதான பழைய கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது, 2022 டிசம்பரில் தேசியப் புவிசார் கொள்கை வந்தது, 2020இல் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் கிராமக் குடியிருப்புகளை ட்ரோன் வைத்து அளந்தார்கள். இதெல்லாம் நம் பாடத்துக்குள் நடக்கிற விஷயம். நம் மாணவர்கள் ஏன் இதில் அதிகம் தென்படுவதில்லை என்று பார்த்தால், பெரும்பாலும் திறமைக் குறைவு காரணமில்லை. திரும்பத் திரும்பச் செய்கிற சில தவறுகள்தான் காரணம்.

'ஜியாகிரபி' என்று தேடுவது

வேலைத் தளங்களில் இந்த ஒரு சொல்லைத் தட்டிவிட்டு "ஒன்றுமே இல்லை சார்" என்று சொல்லிவிடுகிறார்கள். நம் படிப்புக்கான வேலை அந்தப் பெயரில் வராது. ஜிஐஎஸ் (கணினியில் வரைபடத் தரவைக் கையாளும் முறை) அனலிஸ்ட், ஜியோஸ்பேஷியல் இன்ஜினியர், ரிமோட் சென்சிங் புராஜெக்ட் அசோசியேட், லைடார் (லேசர் அளவீடு) டேட்டா, யுடிலிட்டி மேப்பிங் என்றுதான் வரும். மின்கம்பி, குடிநீர்க் குழாய், டெலிகாம் கேபிள் போகிற பாதைகளை வரைபடமாக்கித் தருகிற தனியார் நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. அரசுப் பக்கம் பார்த்தால், ஐதராபாத்தில் இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையம், அங்கேயே கடல் தகவல் சேவை தரும் இன்காய்ஸ், சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிற நிலையான கடலோர மேலாண்மைக்கான தேசிய மையம் போன்ற இடங்களில் திட்டப் பணியாளர்களை ஒப்பந்த அடிப்படையில் எடுப்பார்கள். இந்த அறிவிப்புகள் அவரவர் இணையதளத்தில் ஒரு மூலையில் பிடிஎஃப் ஆக வந்துவிட்டுக் குறுகிய காலத்தில் முடிந்துவிடும், செய்தித்தாளில் வரும் என்று காத்திருந்தால் கிடைக்காது. வாரம் ஒரு முறை உட்கார்ந்து பார்க்கிற பழக்கம் வேண்டும், அவ்வளவுதான்.

தகுதிப் பகுதியைப் படிக்காமல் தயாராவது

இதில் இரண்டு விதமான இழப்பு நடக்கிறது. எழுத முடியாத தேர்வுக்கு மாதக்கணக்கில் தயாராகிறவர்கள் ஒரு பக்கம். யூபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த புவி விஞ்ஞானி தேர்வு நல்ல உதாரணம், பெயரைப் பார்த்துவிட்டு நமக்குத்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். அது புவியமைப்பியல், புவி இயற்பியல், வேதியியல், நிலத்தடி நீரியல் சார்ந்த பட்டங்களுக்கானது, எம்.எஸ்சி. புவியியலை வைத்துக்கொண்டு அதில் நுழைய முடியாது.

இன்னொரு பக்கம், எழுத முடிந்த தேர்வை எழுதாமல் விடுகிறவர்கள். எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வு என்றால் இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் 2022இல் இருந்து ஜியோமேட்டிக்ஸ் இன்ஜினியரிங் என்று ஒரு தாள் இருக்கிறது, அதில் தொலையுணர்வு, ஜிஐஎஸ், செயற்கைக்கோள் இடங்காட்டல் எல்லாம் வரும். கலை, அறிவியல் பட்டம் படிக்கிறவர்களும் இளங்கலை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். கணிதம் இருக்கிறது, அது கொஞ்சம் உழைப்புக் கேட்கும். எந்த நிறுவனம் எம்.எஸ்சி. புவியியலை எம்.டெக். சேர்க்கைக்கு ஏற்கிறது என்பதையும் அவரவர் அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் கதவு இருக்கிறது என்று தெரியாமலே போவது வேறு, தெரிந்து வேண்டாம் என்பது வேறு.

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான நெட் தேர்விலும் இதே கதை. முதுகலை முடித்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். இறுதியாண்டு படிக்கும்போதே எழுதலாம். இரண்டு தாளும் சேர்த்து 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. அப்படியிருந்தும் தெரியாத கேள்விகளை வெறுமனே விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அப்புறம், எல்லோரும் இரண்டாம் தாளான புவியியலிலேயே மூழ்கிவிடுகிறார்கள். முதல் தாள் 100 மதிப்பெண், கற்பித்தல் திறன், தர்க்கம், தரவு விளக்கம் என்று பயிற்சி செய்தால் ஏறக்கூடிய பகுதி அது. ஜேஆர்எஃப் என்கிற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு ஆய்வு செய்யலாம். ஒரு சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை வீட்டில் காசு கேட்காமல் பிஎச்.டி. செய்வதற்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

இங்கே தமிழ்நாட்டு மாணவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது, இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். நம்மிடம் இருக்கிற பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் மத்திய அரசு நடத்தும் தேர்வுகளில் ஓபிசி சலுகைக்குப் போதாது. அதற்கு மத்திய அரசுப் படிவத்தில், வளமான பிரிவில் (கிரீமி லேயர்) வராதவர் என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மூலம் விண்ணப்பித்தால் தாலுகா அலுவலகத்திலிருந்து வரும், சில நேரம் இழுக்கும். இது இல்லாவிட்டால் நெட்டுக்கான முதுகலை மதிப்பெண் 50 சதவீதமா 55 சதவீதமா என்பதில் தொடங்கி, ஜேஆர்எஃப் வயது வரம்பான 30க்கு மேல் கிடைக்கிற 5 ஆண்டுத் தளர்வு வரை எல்லாம் மாறிவிடும். விண்ணப்பத்தின் கடைசி நாளில் ஓடுவதைவிட, கல்வியாண்டு தொடங்கும்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

சான்றிதழ் சேர்ப்பது

டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இலவசமாக ஆன்லைன் வகுப்புகள் நடத்துகிறது, 1966இல் தொடங்கிய நிறுவனம், பாடம் நடத்துகிறவர்கள் இஸ்ரோ விஞ்ஞானிகள். இப்படி ஒன்று இலவசமாகக் கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் நம்மவர்கள் பலர் வருகைப்பதிவு ஓடட்டும் என்று வீடியோவைத் திறந்துவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிறார்கள், கடைசியில் ஒரு சான்றிதழ் வருகிறது. பத்துச் சான்றிதழ் சேர்ந்த பிறகும் "ஒரு சாட்டிலைட் படத்தை டவுன்லோட் செய்து உங்கள் ஊர் ஏரியைக் காட்டுங்கள்" என்றால் கை நடுங்குகிறது. நேர்காணலில் கேட்கப்போவது அதைத்தான். ஒரு வகுப்பை முடித்தால் அதே வாரத்தில் அதே வித்தையை உங்கள் ஊருக்குச் செய்து பாருங்கள். செலவே இல்லை, க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் 10 மீட்டர் தெளிவில் இலவசம், லேண்ட்சாட் படங்கள் 2008இல் இருந்து இலவசம், இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 டோபோ ஷீட்டுகளையே இப்போது இணையத்தில் பதிவுசெய்து எடுத்துக்கொள்ளலாம்.

ஆய்வேட்டில் நடக்கிற தவறுகள்

என் கணக்கில் அதிக சேதம் நடக்கிற இடம் இதுதான். முதுகலை ஆய்வேடுதான் உங்கள் கையில் இருக்கிற ஒரே உண்மையான சாதனைப் பத்திரம், அதைக் கடைசி இரண்டு மாதத்தில் யாரோ செய்ததைப் பார்த்துச் செய்துவிட்டு முடித்துக்கொள்கிறோம். தலைப்பு 'தமிழ்நாட்டில் காலநிலை மாற்றம்' என்று வானத்தை அளக்கும். ஒரு தாலுகா, ஒரு ஏரிச் சங்கிலி, ஒரு நகராட்சியின் மழைநீர் வடிகால் என்று சின்னதாக எடுத்தால்தான் நேரில் நடந்து சரிபார்க்க முடியும்.

அடுத்து புரொஜெக்ஷன், அதாவது உருண்டையான பூமியைத் தட்டையான வரைபடமாக்கும் முறை. தமிழ்நாட்டின் நடுவே 78 டிகிரி கிழக்குத் தீர்க்கக்கோடு ஓடுகிறது, யூடிஎம் என்கிற மீட்டர் கணக்கு முறையில் பூமியைப் பிரித்த மண்டலங்களில் 43ம் 44ம் அங்கேதான் பிரிகின்றன. கோயம்புத்தூர், திருநெல்வேலி, திண்டுக்கல் நகரங்கள் 43இல் வரும். மதுரை, சேலம், சென்னை எல்லாம் 44. திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவே மண்டலம் மாறுகிறது என்பதைக் கவனிக்காமல் ஒரு லேயரை (தரவு அடுக்கை) 43இலும் இன்னொன்றை 44இலும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்ட ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன். வைகைப் படுகையை எடுத்தால் வருசநாட்டு மலை ஒரு மண்டலம், ராமநாதபுரம் இன்னொரு மண்டலம். இப்படி இரண்டிலும் கால் வைத்த பகுதி என்றால், அதிகப் பரப்பு எந்த மண்டலத்தில் விழுகிறதோ அதைத் தேர்ந்தெடுத்து எல்லா லேயர்களையும் அதற்கே மாற்றிவிட்டு, அதை ஆய்வேட்டில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

இதைவிட மோசம், மீட்டர் முறைக்கு மாற்றவே மாற்றாமல் அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரியிலேயே வேலை செய்வது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சர் தளமாக (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக) அறிவிக்கப்பட்டது, பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். டிகிரியில் இருக்கிற லேயரில் அதன் பரப்பை நேரடியாகக் கணக்கிட்டால் 0.001 என்று வந்து நிற்கும், அதாவது சதுர டிகிரி. அதையும் அப்படியே அட்டவணையில் ஒட்டி வைக்கிறார்கள். அதே லேயரில் ஏரியைச் சுற்றி 500 மீட்டர் பஃபர் (சுற்றுவளையம்) என்று நினைத்து 500 என்று கொடுத்தால், மென்பொருள் 500 டிகிரிக்குப் பஃபர் போட்டுவிடும், பூமியைச் சுற்றினாலே 360தான். திரையில் ஒரு பெரிய வட்டம் வந்து எல்லாவற்றையும் மூடினால் பயப்பட வேண்டாம், புரொஜெக்ஷனைப் பாருங்கள்.

மக்கள்தொகைத் தரவிலும் ஒரு பொறி இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இப்போது 38. தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு 2019இல் பிரிந்தன, மயிலாடுதுறை 2020இல். இணையத்தில் கிடைக்கிற 38 மாவட்ட ஷேப்ஃபைலோடு (எல்லைகளைக் கொண்ட வரைபடக் கோப்பு) 2011 அட்டவணையை இணைத்தால் ஆறு மாவட்டம் காலியாக நிற்கும், அது கண்ணுக்குத் தெரிகிற பிழை. கண்ணுக்குத் தெரியாத பிழை என்னவென்றால், பழைய வேலூரின் மக்கள்தொகை மூன்றாகப் பிரிந்த இன்றைய சின்ன வேலூர் மீது உட்கார்ந்துவிடும், அடர்த்தி கன்னாபின்னாவென்று ஏறிவிடும், வண்ணம் பூசிப் பார்த்தால் அழகாக வேறு இருக்கும். ஒன்று பழைய 32 மாவட்ட எல்லையிலேயே வரைபடம் போடுங்கள், அல்லது தாலுகா, கிராம அளவுத் தரவிலிருந்து புதிய மாவட்டத்துக்குக் கூட்டி எடுங்கள். ஒரு கோப்பில் தூத்துக்குடி, இன்னொன்றில் டூட்டிகோரின் என்று இருப்பதால் பெயரை வைத்து இணைக்காமல் குறியீட்டு எண்ணை வைத்து இணைப்பது பாதுகாப்பு.

இன்னொன்று இந்திய எல்லை. வெளிநாட்டு இலவசத் தளங்களிலிருந்து எடுக்கிற ஷேப்ஃபைலில் ஜம்மு-காஷ்மீர் எல்லை இந்திய அரசு ஏற்ற வடிவில் இருக்காது. போட்டிக்கோ கட்டுரைக்கோ போகிற வரைபடம் இந்த ஒரு காரணத்துக்காகவே திரும்பி வரலாம். நில அளவைத் துறையின் எல்லையைப் பயன்படுத்துங்கள்.

பணம் கட்டிக் கட்டுரை போடுவது

ஒரு வாரத்தில் பிரசுரம், கட்டணம் இவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் வருகிற எதையும் நம்பாதீர்கள். தரமான ஆய்விதழ்கள் என்று யுஜிசி வைத்திருந்த யுஜிசி-கேர் பட்டியலே 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டது, இன்னமும் அந்த முத்திரையைக் காட்டிப் பணம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காசில் கள ஆய்வுக்குப் பஸ் டிக்கெட் எடுக்கலாம்.

சின்னதென்று விட்டுவிடுவது

சென்னையில் 1926இல் மெட்ராஸ் புவியியல் சங்கமாகத் தொடங்கிய அமைப்புதான் இன்றைய இந்தியப் புவியியல் சங்கம். இறுதியாண்டு இளங்கலை, முதுகலை மாணவர்களுக்கென்று திறனறித் தேர்வு நடத்தி வந்த சங்கம் அது. இப்படிப்பட்ட போட்டிகள் வரும்போது "சிட்டி காலேஜ் பிள்ளைகள்தான் வாங்குவார்கள்" என்று மாவட்டக் கல்லூரி மாணவர்கள் பெயரே கொடுப்பதில்லை. கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். தோற்றாலும் பாடத்திட்டம் முழுவதையும் ஒரு தடவை புரட்டிய பலன் நெட்டுக்கு உதவும். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் உங்கள் ஊர்த் தெருக்களையும் குளங்களையும் வரைவதும் இப்படித்தான், பரிசு கிடையாது, ஆனால் நீங்கள் செய்த ஒவ்வொரு திருத்தமும் உங்கள் கணக்கின் பெயரில் பொதுவில் பதிவாகிறது, வேலை கொடுக்கிறவர் திறந்து பார்க்கலாம். பயோடேட்டாவில் 'க்யூஜிஐஎஸ் தெரியும்' என்று எழுதுவதைவிட அந்த ஒரு இணைப்பு நிறையப் பேசும்.

கடைசியாக, பரிந்துரைக் கடிதம். உதவித்தொகைக்கோ வெளிநாட்டு முதுகலைக்கோ விண்ணப்பிக்கும்போது, முதல் நாள் இரவு பேராசிரியருக்குப் போன் அடித்து "சார், நாளைக்குக் கடைசி நாள்" என்று கேட்டால், அவர் எல்லோருக்கும் எழுதுகிற அதே நாலு வரியைத்தான் எழுதித் தருவார். மூன்று வாரம் முன்னாலேயே போய்க் கேளுங்கள். கூடவே உங்கள் ஆய்வேட்டின் ஒரு பக்கச் சுருக்கம், நீங்களே போட்ட ஒரு வரைபடம், எந்தக் கள ஆய்வில் என்ன வேலை பார்த்தீர்கள் என்ற குறிப்பு, இந்த மூன்றையும் கொடுத்துவிட்டு வாருங்கள். குழுவாகச் செய்த வேலை என்றால் அதில் உங்கள் பங்கு எது என்று பிரித்து எழுதுங்கள், ஏனென்றால் கடிதத்தைப் படிக்கிறவர் தேடுவது அந்தப் பகுதியைத்தான்.