வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் லென்ஸ்: மூலக்கூறு முதல் அச்சு வரை

லென்ஸுக்கு வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் வேண்டுமென்றால், எவ்வளவு வெப்பம், எவ்வளவு நேரம் என்ற இரண்டையும் எழுதி வைத்துக்கொண்ட பிறகே பொருளைத் தேடத் தொடங்க வேண்டும். வாகன முகப்பு விளக்கினுள் இருக்கும் லென்ஸ் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கலாம். மின்சுற்றுப் பலகையோடு சேர்த்துச் சாலிடர் செய்யப்படும் லென்ஸோ, பலகையைச் சூடாக்கிச் சாலிடரை உருக்கும் ரீஃப்ளோ அடுப்பில் 245 முதல் 260 டிகிரி வரையிலான உச்ச வெப்பத்தைச் சில பத்து வினாடிகள் மட்டுமே சந்திக்கிறது. முன்னதற்கு மஞ்சள் பாரிக்காமல் இருப்பது முக்கியம். பின்னதற்கு வடிவம் குலையாமல் இருப்பதே உயிர்நாடி.

ஒளியைச் சிதறடிக்காமல் இருக்க, பெரும்பாலும் படிகமாகாத பாலிமர்களையே இவ்வேலைக்குத் தேர்ந்தெடுக்கிறோம். அவை கெட்டித்தன்மையை இழந்து இளகத் தொடங்கும் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை அக்ரிலிக்குக்கு ஏறத்தாழ 105 டிகிரி, பாலிகார்பனேட்டுக்கு ஏறத்தாழ 147 டிகிரி. அந்த எண்ணுக்கு மிக அருகில் வேலை வெப்பநிலையை வைத்துவிடக் கூடாது. வார்ப்பின்போது உள்ளே உறைந்த தகைவு, அதாவது உள் இறுக்கம், அதற்கு முன்பே தளர்ந்து, மைக்ரோமீட்டர் அளவில் வளைவை மாற்றிவிடும். குறைந்தது 20 டிகிரியாவது இடைவெளி விடுவது நல்லது.

இந்த எல்லையை உயர்த்துவதற்கான வழி, பாலிமர்ச் சங்கிலி எளிதில் சுழல முடியாதபடி வளையங்களைச் சேர்ப்பதுதான். அக்ரிலிக்கில் மாலிமைடு அல்லது குளூட்டாரிமைடு வளையங்களைச் சேர்க்கலாம். பாலிகார்பனேட்டில் அதன் மூல அலகான பிஸ்பீனால்-ஏ-யின் ஒரு பகுதிக்குப் பதிலாக, மெத்தில் தொகுதிகள் கொண்ட சைக்ளோஹெக்சேன் வளையமுள்ள பிஸ்பீனாலை இட்டால் 180 டிகிரிக்கும் மேல் செல்லலாம். நார்போர்னீனிலிருந்து செய்யப்படும் வளைய ஒலிஃபின் வகைகள் நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சுவதால், ஈரப்பதம் மாறும்போதும் அவற்றின் அளவு நிலையாக இருக்கிறது. பாலியீத்தரிமைடு 217 டிகிரி வரை செல்லும், ஆனால் அதன் இமைடு பகுதிக்கும் எலக்ட்ரான் வழங்கும் அண்டைப் பகுதிக்கும் இடையே நிகழும் மின்னூட்டப் பரிமாற்றத்தால் தேன் நிறம் கொள்கிறது. இந்நிறத்தைக் குறையென்று உடனே ஒதுக்கிவிட வேண்டாம்: 850 அல்லது 1310 நானோமீட்டரில் இயங்கும் இழை ஒளித் தொடர்புக்கு அது தடையே இல்லை, அங்கே அது நல்ல பொருள்.

அதிகக் கவனம் கோருவது இரட்டை ஒளிவிலகல், அதாவது ஒளியின் அதிர்வுத் திசைக்கேற்ப ஒளிவிலகல் எண் மாறுவது. முதன்மைச் சங்கிலியின் போக்கிலேயே அமைந்த பென்சீன் வளையங்கள், உருகிய பிளாஸ்டிக் பாயும்போது ஒரே திசையில் அடுக்கி நின்று உறைந்துவிடுகின்றன. பாலிகார்பனேட்டின் நெடுநாள் தொல்லை இதுவே. வார்த்த லென்ஸைக் குறுக்காக வைத்த இரண்டு துருவத் (போலரைசர்) தாள்களுக்கிடையே ஒளியில் பிடித்துப் பாருங்கள்: பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழையும் வாயான கேட் அருகே வண்ணப் பட்டைகள் நெருக்கமாக விசிறி போல் விரிந்து, நடுப்பகுதி நோக்கி அகன்று மங்குவது தெரியும். ஃபுளோரீன் (fluorene; ஃபுளூரின் தனிமம் அல்ல) தொகுதி கொண்ட பாலியெஸ்டர், பாலிகார்பனேட் வகைகளில் பக்க வளையங்கள் முதன்மைச் சங்கிலிக்குச் செங்குத்தாக நிற்பதால், இரு திசை விளைவுகளும் பெருமளவு ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன; ஒளிவிலகல் எண்ணும் 1.6-ஐத் தாண்டுகிறது. கைபேசி கேமரா லென்ஸ்களில் இவ்வகைகள் இடம்பெற்றது இதனால்தான்.

நல்ல மூலக்கூறும் மோசமான வார்ப்பில் வீணாகும். பாலிகார்பனேட்டை 120 டிகிரியில் 3 முதல் 4 மணி நேரம் உலர்த்தி, ஈரத்தை 0.02 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். இல்லையெனில் வெள்ளிக் கோடுகள் தோன்றுவதோடு, நீர் சங்கிலிகளை வெட்டிப் பொருளைப் பலவீனப்படுத்தும். கேட்டைத் தடிமனாக வைத்து, அச்சைச் சூடாக வைத்து, பாய்ச்சிய பின் அச்சை அழுத்தி மூடும் முறையைப் பயன்படுத்தினால் தகைவு நன்கு குறையும். பின்னர் நிலைமாற்ற வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே அனீலிங் செய்யலாம், அதாவது சூட்டில் வைத்து மீதித் தகைவைத் தளர்த்தலாம். அப்போது ஏற்படும் சுருக்கத்தை அச்சின் அளவிலேயே முன்கூட்டிச் சேர்த்துவிடுங்கள்.

ரீஃப்ளோ அடுப்பின் 260 டிகிரிக்கு மேற்சொன்ன தெர்மோபிளாஸ்டிக்குகள், அதாவது சூட்டில் இளகும் பிளாஸ்டிக்குகள், போதா. அங்கே சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்பு கொண்ட ஒளியியல் தரச் சிலிக்கோன் கைகொடுக்கும். அதன் ஒளிவிலகல் எண் 1.41 மட்டுமே, வெப்பத்தில் விரியும் அளவோ அக்ரிலிக்கைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே லென்ஸின் விளிம்பை இறுகப் பிடிக்காமல், விரிய இடம்விடும் பிடிமானத்தை வடிவமைக்க வேண்டும்.

சோதனையில் மூன்று முறை ரீஃப்ளோ அடுப்பின் வழியே செலுத்தி, ஒவ்வொரு முறைக்கும் முன்னும் பின்னும் மேற்பரப்பு வளைவையும், மஞ்சளாதல் முதலில் புலப்படும் நீல ஒளியில், அதாவது 450 நானோமீட்டருக்கு அருகில், ஊடுருவலையும் அளந்து பதியுங்கள். உலர்ந்த மாதிரியோடு ஈரம் ஊறிய மாதிரியையும் சேர்த்தே செலுத்துங்கள். குமிழ்களும் விரிசல்களும் ஈர மாதிரியில்தான் முதலில் தென்படும்.