சீன மொழி வராமல் யீவூவில் வேலை பார்க்கிறவர்களுக்கு

சீன மொழி சரளமாக வராமல் சீனாவில் பிழைக்க முடியுமா என்று கேட்டால், எந்த ஊர் என்று திருப்பிக் கேட்பேன். நான் இருப்பது யீவூ. செஜியாங் மாகாணத்தில், ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஹேர் கிளிப்பிலிருந்து கிறிஸ்துமஸ் மரம் வரை விற்கும் 75,000 கடைகள் ஒரே மொத்தச் சந்தையில் இருக்கின்றன. வெளிநாட்டுக்காரன் வந்து நின்றால் இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, கால்குலேட்டரை எடுத்து நீட்டிவிடுவார்கள்.

அதனால் முதலில் எண்களைப் படியுங்கள். வணக்கம், நன்றி எல்லாம் அப்புறம். நான்குக்கு 'ஸ்', பத்துக்கு 'ஷ்'. பாடப்புத்தகத்தில் தெளிவாக இருக்கும், ஆனால் தென்பக்கத்து ஆட்கள் பலர் இரண்டையும் 'ஸ்' என்றே சொல்வார்கள். வந்த புதிதில் ஒரு கடையில் நான்கு யுவான் என்று கேட்டுக்கொண்டு ஊருக்கு விலை அனுப்பிவிட்டேன், ரசீதில் பத்து என்று இருந்தது. கடைக்காரர் மேல் தப்பில்லை, என் காது மேல்தான். இன்றுவரை விலையைக் காதால் மட்டும் வாங்குவதில்லை: கால்குலேட்டரில் தட்டச் சொல்லி, அதைப் படமெடுத்து, ஒரு கார்ட்டனில் எத்தனை பீஸ் என்பதையும் ஆர்டர் சீட்டில் எழுத வைத்த பிறகுதான் நகர்வேன். ஆறு முதல் பத்து வரை ஒரே கையால் காட்டுவார்கள், அதையும் பார்த்து வையுங்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் போன் பண்ணு என்று அர்த்தமில்லை, ஆறு.

இன்னொன்று நமக்குச் சாதகமானது. அவர்கள் பெரிய தொகையைப் பத்தாயிரம் பத்தாயிரமாக எண்ணுவார்கள், அதற்கு 'வான்' என்று பெயர். பத்து வான் ஒரு லட்சம். மில்லியனில் யோசிக்கிறவர்கள் திணறும் இடத்தில் நாம் பத்தால் வகுத்துவிட்டுப் போய்விடலாம்.

அடுத்தது வீசாட், இங்கே எல்லோரும் பயன்படுத்தும் செய்திச் செயலி. வேலை முழுக்க அதில்தான் ஓடும். செய்தியை அழுத்திப் பிடித்தால் மொழிபெயர்ப்பு வந்துவிடும், அதனால் குரல் செய்தி அனுப்புகிறவர்களிடம் எழுதி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் அனுப்பும்போது தமிழில் எழுதி மொழிபெயர்க்காதீர்கள். "நாளைக்கு அனுப்பிடுவாங்களா" என்று நாம் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவோம், செயலி தானாக ஒரு ஆளை உள்ளே நுழைத்துவிடும். யார், என்ன, எத்தனை, எந்தத் தேதி என்று சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதினால் பெரும்பாலும் சரியாக வரும். நேரில் பேசி முடித்ததைக்கூட அன்றைக்கே வீசாட்டில் இரண்டு வரி போட்டு 'சரி' வாங்கிவிடுவது நல்லது.

ஊரிலிருந்து கிளம்பும்போதே போனைத் தயார் செய்யுங்கள். வாட்ஸ்அப், ஜிமெயில், யூடியூப் எதுவும் உள்ளூர் இணையத்தில் திறக்காது. இந்திய சிம்மில் ரோமிங் போட்டு வந்தால் திறக்கும், வங்கி ஓடிபியும் வரும். அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியில் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை இணைக்கலாம். ஒரு முறை செலுத்துவது 200 யுவானுக்கு மேல் போனால் 3 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள். அப்புறம் இந்தப் பெயர் விவகாரம். அப்பா பெயர் முன்னால், நம் பெயர் பின்னால் என்று நம் பாஸ்போர்ட்டுகள் தலைகீழாகக் கிடக்கும். சிம், வங்கி, அலிபே மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள அதே வரிசையில், அதே இடைவெளியோடு பெயர் இருக்கட்டும். ஒரு இடத்தில் மாறினாலும் கணக்கை இணைக்க முடியாமல் வங்கிக்கு அலைய வேண்டியிருக்கும்.

டிடி என்ற செயலியில் கூப்பிட்ட டாக்சியில் ஏறியதும் ஓட்டுநர் ஏதோ கேட்பார். உங்கள் போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கம்தான் அது. மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். போன் எண்ணில் ஒன்றை 'ஈ' என்று சொல்லாமல் 'யாவ்' என்பார்கள். வீட்டு முகவரியைச் சீன எழுத்தில் படமாக வைத்திருங்கள், ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினால் யாருக்கும் புரியாது.

விசாவில் விளையாட வேண்டாம். எம் விசா சரக்கு வாங்கிப்போக வருகிறவர்களுக்கு, அதில் சம்பள வேலை பார்க்கக் கூடாது. வேலைக்கு இசட் விசா. வந்து 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஹோட்டலில் தங்கினால் அவர்களே பதிந்துவிடுவார்கள், வீடு எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிய வேண்டியது உங்கள் பொறுப்பு.

உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்துப் படிக்காதீர்கள். அவர்களுக்கு மூச்சோடு சொல்லும் ப வேறு, மூச்சில்லாத ப வேறு. 'பாவ் ல' என்று நம் பகரத்தில் சொன்னால் வயிறு நிறைந்துவிட்டது, காற்றைத் தள்ளிச் சொன்னால் ஓடிவிட்டது. வாய்க்கு முன் உள்ளங்கையை வைத்துப் பழகினால் வித்தியாசம் தெரியும். பதிலுக்கு நம்மிடம் ழ இருக்கிறது. மனிதன் என்பதற்கான அவர்கள் சொல் தொடங்கும் ஒலி அதற்கு ரொம்பப் பக்கம்.

சைவக்காரர்களுக்குத்தான் கொஞ்சம் பாடு. 'ரோவ்' வேண்டாம் என்றால் இறைச்சி வேண்டாம் என்று அர்த்தம்தான், ஆனால் சும்மா ரோவ் என்றாலே அவர்கள் மனதில் வருவது பன்றி, எனவே கோழி வந்து நிற்கலாம். காய்கறிப் பொரியலிலும் பன்றிக் கொழுப்போ சிப்பி சாஸோ இருக்கும். "வோ ச்ஷ் ஸூ", நான் சைவம், என்று சொல்லிவிட்டு, முட்டை, மீன், கோழி, இறைச்சி எண்ணெய், இறைச்சிச் சாறு எதுவும் கூடாது என்று சீனத்தில் எழுதிய சீட்டையும் நீட்டுங்கள். புத்தர் கோயில் பக்கத்து சைவக் கடைகளில் இந்தத் தொல்லை இல்லை. பெரும்பாலும் வெங்காயம் பூண்டுகூடப் போட மாட்டார்கள்.