பக்கவாதத்தில் வராத கைக்குக் கண்ணாடிப் பயிற்சி: வீட்டில் செய்யும் முறை

பக்கவாதத்தில் கை வரவில்லை என்றால், ஆரம்ப வாரங்களில் கையின் தசையிலோ எலும்பிலோ கோளாறு இருக்காது. கையை அசைக்கச் சொல்லும் உத்தரவு புறப்படும் இடத்திலோ, அது இறங்கிவரும் பாதையிலோ ரத்தக்குழாய் அடைத்து அல்லது வெடித்து நரம்புத் திசு செத்திருக்கும். மூளையின் மேலடுக்கான புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இழைகளில் சுமார் 85 முதல் 90 சதவீதம் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தின் அடியில் பக்கம் மாறிவிடுகின்றன. வலது மூளையில் அடி விழுந்தால் இடது கை விழுவது இதனால்தான்.

உத்தரவு போனால் மட்டும் அசைவு வந்துவிடாது. கை எங்கே இருக்கிறது, சொன்னபடி நகர்ந்ததா என்ற தகவல் மூட்டு, தசை, தோல், கண் எல்லாவற்றிலிருந்தும் மூளைக்குத் திரும்பி வரவேண்டும். வராத கையிலிருந்து ஒவ்வொரு முறையும் ‘நகரவில்லை’ என்ற பதிலே போகிறது. நாளடைவில் மூளை அந்தக் கையைக் கூப்பிடுவதையே குறைத்துக்கொள்கிறது. கண்ணாடிப் பயிற்சி இந்த இடத்தில் ஒரு பொய்ப் பதிலைச் செருகுகிறது: நல்ல கையின் பிம்பத்தைக் காட்டி, ‘கை நகர்ந்துவிட்டது’ என்கிறது. கண் சொல்வதும் மூட்டு சொல்வதும் முரண்பட்டால் மூளை பெரும்பாலும் கண் பக்கம்தான் சாயும்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் சான் டியேகோவில் பணியாற்றிய மூளை ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன் இந்த உத்தியை 1990களில் கை துண்டிக்கப்பட்டவர்கள் இல்லாத கையில் உணரும் மாயக்கை வலிக்குப் பயன்படுத்தினார். 1999இல் அவரும் சக ஆய்வாளர்களும் 9 பக்கவாத நோயாளிகளிடம் அதைச் சோதித்து லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 2018இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 62 ஆய்வுகளை, 1,982 பேரின் விவரங்களோடு, சேர்த்துப் பார்த்தது. கை அசைவும் அன்றாட வேலைகளும் மேம்படுகின்றன, வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துச் செய்யலாம் என்பதே அதன் முடிவு. ‘சேர்த்து’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பிசியோதெரபியை நிறுத்திவிட்டுக் கண்ணாடி முன் உட்காருவது வீண்.

தேவைப்படும் பொருள்கள்

சட்டம் இல்லாத, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று: இரண்டு அடி நீளம், ஒன்றரை அடி உயரம். இதைவிடச் சிறிதானால் முழங்கை பிம்பத்தில் விழாது, கை பாதியில் வெட்டுப்பட்டதுபோல் தெரியும். விளிம்பு முழுக்கத் தடித்த டேப் ஒட்டுங்கள். அக்ரிலிக் கண்ணாடி உடையாது, எடையும் குறைவு. ஆனால் மெல்லிய தகடு வளைந்து விரல்களை நெளித்துக் காட்டும்; பின்னால் ஒரு பலகை வைத்து ஒட்டிவிடுங்கள். செங்குத்தாக நிற்க இருபுறமும் ‘ட’ வடிவத் தாங்கி வேண்டும். செங்கல் முட்டுக்கொடுப்பது ஆபத்து, இடித்தால் சரிந்துவிடும்.

மேசை, முழங்கையை மடித்து வைத்தால் தோள் தூக்காமல் இருக்கும் உயரத்தில் இருக்கட்டும். முதுகு சாயும் நாற்காலி, பாதம் தரையில் பட வேண்டும்.

உட்கார வைப்பது

பாதிப் பயிற்சி இங்கேயே வெற்றியோ தோல்வியோ ஆகிவிடுகிறது. கண்ணாடி நெஞ்சுக்கு நேரே, உடலின் நடுக்கோட்டில் நிற்கட்டும். முகம் காட்டும் பக்கம் நல்ல கையை நோக்கியிருக்க வேண்டும். வராத கையைக் கண்ணாடிக்குப் பின்னால், கொஞ்சம்கூடக் கண்ணில் படாதபடி, மடித்த துண்டின் மேல் வையுங்கள். முழங்கையும் முன்கையும் முழுதாக மேசையில் தாங்கப்பட வேண்டும். தொங்கவிட்டால் தளர்ந்த தோள் மூட்டு கீழே இறங்கி வலி பிடித்துக்கொள்ளும். வராத கையைப் பிடித்து இழுத்து மேசையில் வைக்காதீர்கள். ஒரு கையால் முழங்கையையும் இன்னொரு கையால் மணிக்கட்டையும் ஏந்தித் தூக்குங்கள்.

அடுத்தது, பலரும் கோட்டை விடும் இடம். நல்ல கையில் மோதிரம், வாட்ச், வளையல், சாமிக் கயிறு, மருதாணி எதுவும் இருக்கக் கூடாது. வராத கையில் இல்லாத மோதிரம் பிம்பத்தில் தெரிந்தால், ‘இது என் கை இல்லை’ என்று மூளைக்குப் புரிந்துவிடும். மோதிரம் கழலவில்லையா, மெல்லிய டேப் ஒட்டி மறைத்து, மறு கையின் அதே விரலிலும் அதே மாதிரி ஒட்டுங்கள். சட்டைக் கை இரண்டும் ஒரே அளவுக்கு மடிந்திருக்கட்டும். இரண்டு கைகளும் கண்ணாடியிலிருந்து ஒரே தூரத்தில், ஒரே கோணத்தில் இருக்க வேண்டும். வராத கை சுருண்டிருந்தால் நல்ல கையையும் அதேபோல் சுருட்டித் தொடங்குங்கள்.

செய்யும் முறை

முதல் மூன்று நிமிடம் எதுவும் செய்ய வேண்டாம், பிம்பத்தைப் பார்த்தபடி இருந்தால் போதும். பிறகு நல்ல கையால் மிக மெதுவாக, ஓர் அசைவுக்கு மூன்று விநாடி வீதம்: உள்ளங்கையை மேலே கீழே திருப்புவது, மணிக்கட்டைத் தூக்கி இறக்குவது, கையை மூடித் திறப்பது, விரல்களை விரித்துச் சேர்ப்பது, கட்டைவிரலால் ஒவ்வொரு விரலாகத் தொடுவது. ஒரு சுற்றில் ஒவ்வொன்றும் 15 முறை. ‘பின்னால் இருக்கிற கையையும் அதேபோல் ஆட்டப் பாருங்க’ என்று சொல்லுங்கள். அது அசையாவிட்டாலும் முயற்சி இருக்க வேண்டும்.

மூடுவதைவிடத் திறப்பதற்கு அதிக நேரம் கொடுங்கள். பக்கவாதத்தில் மடக்கும் தசைகள் இறுகிக்கொள்வதால் பலருக்குப் பிடி முதலில் வரும், விரல் திறப்பது கடைசிவரை சண்டித்தனம் செய்யும். டம்ளரைப் பிடித்துவிட்டு விட முடியாமல் தவிப்பது இதனால்தான்.

ஒரு நாளைக்கு 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள், குறைந்தது நான்கு வாரம். ஒரே மூச்சில் முடியாதவர்கள் காலையில் 15, மாலையில் 15 என்று பிரித்துக்கொள்ளலாம். டிவியை அணைத்துவிடுங்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டு செய்யும் அரை மணியைவிட ஊன்றிச் செய்யும் பத்து நிமிடம் மேல்.

பயிற்சி முடிந்து கண்ணாடியை அகற்றிய உடனே, ஆறவிடாமல், அடுத்த பத்து நிமிடம் வராத கைக்கு நிஜ வேலை கொடுக்க வேண்டும்: மேசைத் துணியைத் தள்ளுவது, பஞ்சைப் பிழிவது, நாணயத்தை நகர்த்துவது. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். என் கணிப்பில் கண்ணாடி உழவு, விளைச்சல் இந்தப் பத்து நிமிடத்தில்தான்.

எங்கே தவறுகிறது

பார்வை நல்ல கைக்கே ஓடுகிறதா, கண்ணாடியைச் சற்றுச் சாய்த்தோ நாற்காலியை நகர்த்தியோ பிம்பம் கண்ணுக்கு நேராக விழும்படி செய்யுங்கள். வீட்டார் பின்னாலிருந்து வராத கையைப் பிடித்து அசைப்பதும் உண்டு. பிம்பத்தோடு துளி பிசகாமல் சேர்ந்தால்தான் பயன். அரை விநாடி பிந்தினால் கண் ஒன்று சொல்ல, மூட்டு வேறொன்று சொல்லும். அதற்கு அசைக்காமலே இருக்கலாம்.

வராத கை இறுகி மேலே மடங்க ஆரம்பித்தால் வேகம் அதிகம் என்று பொருள். நிறுத்தி, மூச்சை அடக்காமல் விடச் சொல்லி, பாதி வேகத்தில் தொடருங்கள். சிலருக்குத் தலைசுற்றல், குமட்டல், வியர்வை வரும், சிலர் அழுதுவிடுவார்கள். கண்ணாடியை மூடி வேறு பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். மறுநாள் ஐந்து நிமிடத்தில் தொடங்கலாம். வலது மூளை பாதித்தவர்களில் சிலர் இடது பக்கத்தையே கவனிக்க மாட்டார்கள், தட்டின் இடப்பாதிச் சோறு அப்படியே இருக்கும். இவர்களுக்கும், வலிப்பு வந்தவர்களுக்கும், சொல்வது விளங்காதவர்களுக்கும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், வராத கையால் 60 விநாடியில் எத்தனை நாணயங்களை ஒரு தட்டிலிருந்து மறு தட்டுக்கு மாற்ற முடிகிறது என்று எண்ணி எழுதுங்கள். நாணயமே எடுக்க வராதவர்களுக்கு விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளக்கலாம். நான்கு வாரத்தில் எண் அசையவில்லை என்றால் நேரத்தைக் கூட்டாதீர்கள். ஒரு பயிற்சியை முழுதாக மொபைலில் படம்பிடித்து பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். தோள் தூக்குவதும் பார்வை நழுவுவதும் அவர் கண்ணில் ஒரு நிமிடத்தில் பட்டுவிடும்.