பழைய ஃபோர்டு ஃபால்கனை வாங்குமுன்

1960 முதல் 2016 அக்டோபர் 7 வரை ஆஸ்திரேலியாவில் உருவான ஃபோர்டு ஃபால்கன் காரை இன்று வாங்க விரும்புபவர், அதன் பிற்கால வகைகளில் உள்ள 4 லிட்டர் 'பாரா' எஞ்சினைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. உரிய காலத்தில் எண்ணெய் மாற்றப்பட்டிருந்தால் அது நெடுங்காலம் உழைக்கும். கவனம் செல்ல வேண்டிய இடம் ரேடியேட்டர். தானியங்கி கியர்பெட்டியின் எண்ணெயைக் குளிர்விக்கும் பகுதி அதனுள்ளேயே இருப்பதால், குறிப்பாக 2005-இல் வெளிவந்த பிஎஃப் வகையில், அங்கு கசிவு ஏற்பட்டால் எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் அந்த எண்ணெயோடு கலந்து கியர்பெட்டியையே பாழாக்கிவிடும். ஆகவே எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகு குளிர்நீர்க் கலனின் மூடியைத் திறந்து, நீர் பால் கலந்ததுபோல் கலங்கியிருக்கிறதா என்று பாருங்கள்; கலங்கியிருந்தால், விலை எவ்வளவு குறைவாயினும், அந்தக் காரை விட்டுவிடுவதே நல்லது. ரேடியேட்டர் மாற்றப்பட்டிருப்பதாகச் சொன்னால் அதற்கான ரசீதைக் கேளுங்கள். காரின்மீது கடன் நிலுவை உள்ளதா என்பதை, பணம் கொடுக்குமுன், அசையும் சொத்துகளின் மீதான கடன்களைக் காட்டும் ஆஸ்திரேலிய அரசின் பிபிஎஸ்ஆர் (PPSR) பதிவேட்டில் சரிபாருங்கள்.