ஜோடியாகச் சைக்கிளில் கிளம்பும்போது காற்றை மறந்துவிடாதீர்கள்

நெடுந்தூரம் சைக்கிளில் போகத் திட்டமிடும் தம்பதிகள் பலர், கிளம்பும் முன் தங்கள் வழித்திட்டத்தை என்னிடமும் என் கணவரிடமும் காட்டுவார்கள். ஹெல்மெட், பிரேக், வெயிலுக்கு முழுக்கைச் சட்டை என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். ஆனால் நாங்கள் தொடங்கிய காலத்தில் எங்கெல்லாம் அடிபட்டோமோ, அங்கேயேதான் இன்றைக்குப் புதிதாக வருகிறவர்களும் அடிபடுகிறார்கள். அதில் ஒன்றைப் பார்த்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வரும். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

காற்றைக் கேட்காமல் திசையை முடிவு செய்வது

திட்டத்தில் எல்லாம் இருக்கும். தினம் எத்தனை கிலோமீட்டர், எந்த ஊரில் சாப்பாடு, எந்த லாட்ஜ் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று மட்டும் ஒரு வரி இருக்காது. பயணம் கன்னியாகுமரியில் முடிய வேண்டும், கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு படம் எடுக்க வேண்டும். நியாயமான ஆசைதான். அதற்காக ஆடி மாதத்தில் திருநெல்வேலியிலிருந்து தெற்கே கிளம்பினால் என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை பெரும்பகுதியை மறித்துவிடுகிறது. மறிக்க முடியாமல் விட்ட இடைவெளிகள்தான் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி கணவாய்கள். அகலமாக வந்த காற்று அந்தச் சந்துகளில் நெருக்கியடித்து நுழைவதால் வேகம் கூடிவிடும். உடுமலை, பல்லடம் பக்கமும், தென்காசியைச் சுற்றியும், பணகுடி, முப்பந்தல் பக்கமும் காற்றாலைகள் நெருக்கமாக நிற்பதற்கு இதுதான் காரணம். உங்கள் வழி காற்றாலைகளுக்கு நடுவே போகிறது என்றால், மாதத்தையும் திசையையும் ஒருமுறை சேர்த்துப் பாருங்கள்.

ஓர் ஆடி மாதம் பணகுடி டீக்கடையில் ஒரு இளம் தம்பதியைப் பார்த்தோம். மதுரையிலிருந்து வருகிறவர்கள். காலையில் சாப்பிட்டுவிட்டு திருநெல்வேலியில் கிளம்பியிருக்கிறார்கள், ராத்திரி நாகர்கோவிலில் தங்குவதாகத் திட்டம். கணவர் முன்னாலேயே வந்து டீ குடித்து முடித்துவிட்டார். அந்தப் பெண் வெகுநேரம் கழித்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். உதடு வெடித்து, கண் ஓரமெல்லாம் மண். சுவரில் சாய்த்த சைக்கிளைக் காற்று இரண்டு முறை கீழே தள்ளியது. இரண்டாவது முறை அவர் எழுந்துபோய்த் தூக்கக்கூட இல்லை. கணவர் என்னிடம், "இன்னும் 30 கிலோமீட்டர்தான் அக்கா, இவதான் மெதுவா வர்றா" என்றார்.

அவர் மெதுவாக வரவில்லை. தனியாக வந்திருக்கிறார், அதுதான் வித்தியாசம். காற்றின் தடை வேகத்தோடு நேராக ஏறாது, வேகத்தின் வர்க்கமாக ஏறும்; வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. சமதரையில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிரே 25 கிலோமீட்டர் காற்று அடித்தால், உடம்பில் மோதுவது 40 கிலோமீட்டர் காற்று. தடை ஏழு மடங்கு. அதே உழைப்பில் வேகம் பாதிக்கும் கீழே போய்விடும். காற்றில்லாத நாளில் இருவருக்கும் உள்ள சின்ன வித்தியாசம் எதிர்காற்றில் மணிக்கணக்காக வளர்ந்துவிடும். வலுவானவர் முன்னால் போய்விட்டால், பின்னால் வருகிறவர் முழுக் காற்றையும் ஒண்டியாக வாங்குகிறார். ஆகவே வலுவானவர் காற்றை மறித்துக்கொண்டு முன்னால் போகட்டும், ஆனால் பின்னால் வருகிறவரின் வேகத்தில் போகட்டும். பழக்கமில்லாதவர்களுக்கு நடுவே ஒரு சைக்கிள் நீள இடைவெளி போதும். குழி வந்தால் முன்னால் போகிறவர் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும்.

பணகுடிக்கு அப்புறம்தான் காவல்கிணறு. அங்கே மேற்கே திரும்பினால் ஆரல்வாய்மொழி வரை காற்று முகத்துக்கு நேராக. அவர்கள் ஒரு குட்டி யானையில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு நாகர்கோவில் போனார்கள். மறுநாள் ரயிலேறி ஊருக்குத் திரும்பிவிட்டதாகப் பின்னால் தெரிந்தது. லீவு, பணம், ஆசை எல்லாம் போச்சு. இருவருக்கும் உடம்பில் ஒரு குறையும் கிடையாது. அதே சாலை, அதே மாதம், ரயிலில் நாகர்கோவில் போய் அங்கிருந்து கிளம்பியிருந்தால் தோவாளை பூச்சந்தையைப் பார்த்துவிட்டு, காற்று முதுகைத் தள்ள, கணவாயைப் பேசிக்கொண்டே கடந்திருப்பார்கள். எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

தெற்கே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் வள்ளியூரில் தங்கி, விடியும்போதே கிளம்புங்கள். காற்று விடியற்காலையில் சற்று அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏற வலுக்கும்.

இன்னொரு ஆபத்தும் அந்தச் சாலையில் உண்டு. தெற்கே போகும்போது காற்று வலப்பக்கத்திலிருந்து தள்ளும். நம்மை அறியாமலே வலப்பக்கம் சாய்ந்து ஓட்டிக்கொண்டிருப்போம். அப்போது ஒரு லாரி வலப்பக்கம் ஒட்டி முந்தினால் காற்று சட்டென்று நின்றுபோகும், சைக்கிள் லாரியை நோக்கி இழுக்கும். லாரி போனதும் மறுபடி ஒரே தள்ளு, இந்தமுறை சாலையோர மண்ணுக்கு. பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியைச் சைக்கிளில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வண்டி வருவது தெரிந்தால் வேகத்தைக் குறைத்து ஓரத்துக்கு வந்துவிடுங்கள். பக்கக்காற்றில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்து ஓட்டுவதும் பெரிதாக உதவாது. மறைவு கிடைக்கட்டும் என்று சாலையின் நடுப்பக்கம் தள்ளி ஓட்ட வேண்டாம்.

தை மாதத்தில் கணக்கு மாறிவிடும். அப்போது வடகிழக்குக் காற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம், புதுச்சேரி, சிதம்பரம், நாகப்பட்டினம் என்று தெற்கே இறங்குகிறவர்களுக்கு அது துணை. நாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு ஏறுகிறவர்களுக்கு அதே காற்று வினை.

மனைவி தண்ணீர் குடிக்காமல் வருவது

இதைக் கணவர்கள் கவனிப்பதே இல்லை. ஆண்களுக்கு வழியெல்லாம் புளியமரம். பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை, அதனால் பலர் தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள். மத்தியானத்துக்குள் தலைவலி, பிறகு வாந்தி, எரிச்சல். அதைச் சண்டை என்று இருவரும் நினைத்துக்கொள்வார்கள். சாப்பாட்டுக் கடையைக் குறிப்பதுபோலக் கழிப்பறைக்காகப் பெட்ரோல் பங்குகளையும் வழித்திட்டத்தில் முன்கூட்டியே குறித்துவையுங்கள். தேவை வந்த பிறகு தேடக்கூடாது. கேட்கும் பொறுப்பைக் கணவர் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

மெல்லிய வால்வு

விலை கூடிய சைக்கிள்களில் வரும் ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்குச் சிற்றூர்ப் பஞ்சர் கடையில் காற்றடிக்க முடியாது. அங்கே இருப்பது சாதா சைக்கிளுக்கான கைப்பம்பும் பைக்குக்கான கம்ப்ரஸரும். இரண்டும் இதில் பொருந்தாது. விரல்நுனி அளவு பித்தளை அடாப்டர் ஒன்று போதும், ஆளுக்கொன்று வால்விலேயே திருகி வைத்துவிடுங்கள். இந்தச் சைக்கிள்களுக்கான 700 அளவு டியூபும் வழியில் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

பஞ்சர் சாமான் ஒருவர் பையில் மட்டும்

வேண்டாம். இரண்டு பையிலும் இருக்கட்டும்.

நிழலுக்கு ஒதுங்குவது

ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் சாலையோர நிழல் பெரும்பாலும் சீமைக்கருவேலம். சைக்கிளை அதன் அடியில் உருட்டிக்கொண்டு போனால் திரும்பி வரும்போது இரண்டு சக்கரமும் பஞ்சராகியிருக்கும். தோளில் தூக்கிக்கொண்டு போங்கள், அல்லது தார் ஓரத்திலேயே நிறுத்துங்கள். டியூபை மாற்றும் முன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முறிந்த முள்நுனி உள்ளேயே இருந்தால் புது டியூபும் கொஞ்ச தூரத்தில் இறங்கிவிடும்.

களமாகிவிட்ட சாலை

அறுப்புக் காலத்தில் கொள்ளு, உளுந்துச் செடிகளை வண்டிச் சக்கரம் மிதிக்கட்டும் என்று சாலையில் பரப்பியிருப்பார்கள். கார் ஏறிப்போகும், நாம் ஏறக்கூடாது. கொடி பின் கியரில் சுற்றிக்கொண்டால், அவிழ்க்கக் கத்தியும் பொறுமையும் வேண்டும். வேகமாக மிதித்துவிட்டால் கியர் தாங்கியே வளைந்துபோகும். நெல்லில் ஏறினால் சக்கரம் வழுக்கும், அவர்கள் வருஷம் முழுக்கப் பாடுபட்டதும் சிதறும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

முகூர்த்த நாள் பார்க்காமல் லாட்ஜை நம்புவது

சின்ன ஊரில் இருப்பதே இரண்டு மூன்று லாட்ஜ். முகூர்த்த நாளென்றால் முந்தின ராத்திரியே கல்யாண வீட்டுக்காரர்கள் எல்லா அறையையும் எடுத்துவிடுவார்கள். கிளம்பும் முன் தினசரிக் காலண்டரைப் புரட்டுங்கள். மத்தியானமே போன் செய்து, இரண்டு சைக்கிளை எங்கே வைக்கலாம் என்றும் கேளுங்கள். "கீழே வெளியே நிக்கட்டும்" என்று சொல்கிற இடமானால் வேறு இடம் பாருங்கள். ஆதார் இருவருடையதும் கேட்பார்கள்.

இருட்டின பிறகு

ஓட்டாதீர்கள்.