வீட்டு இசைப்பதிவுக்கு ஆடியோ இன்டர்ஃபேஸ்: தேர்ந்தெடுக்கும் முறை, படிப்படியாக

மைக்கிலிருந்து வரும் மிக மெல்லிய மின்சமிக்ஞையைப் பெருக்கி, எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்புவதும், கணினியிலிருந்து திரும்பி வரும் எண்களை மறுபடியும் ஒலியாக்கி ஹெட்ஃபோனுக்கும் ஸ்பீக்கருக்கும் தருவதும் ஆடியோ இன்டர்ஃபேஸின் வேலை. பேச்சை மட்டும் பதிவு செய்யப் போகிறவருக்கு இது தேவையே இல்லை. நல்ல யூஎஸ்பி மைக் ஒன்று போதும். பாட்டையும் வாத்தியங்களையும் தனித்தனி டிராக்குகளாகப் பதிவு செய்து, பிறகு கலக்க விரும்புகிறவர்களுக்கானது இந்த விளக்கம். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் 192 கிலோஹெர்ட்ஸ் என்ற சாம்பிள் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்ற எண்ணைப் பார்த்து வாங்குவதை விட, கையேட்டின் கடைசிப் பக்கங்களில் சிறிய எழுத்தில் இருக்கும் விவரங்களைப் பார்த்து வாங்குவது நல்லது. எவற்றைப் பார்ப்பது, எந்த வரிசையில் பார்ப்பது என்பதைக் கீழே காணலாம்.

படி 1: ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகள்?

மொத்தம் எத்தனை வாத்தியங்கள் என்று எண்ண வேண்டாம். ஒரே நேரத்தில் எத்தனை மைக்குகள் திறந்திருக்கும் என்று மட்டும் எண்ணுங்கள். தனியாளாகப் பாடி, அதன்மேல் கிட்டார், அதன்மேல் கீபோர்டு என்று ஒவ்வொன்றாக அடுக்குகிறவருக்கு இரண்டு உள்ளீடுகள் தாராளமாகப் போதும். கீபோர்டை ஸ்டீரியோவாக எடுக்கவும், இருமுகத் தோல்வாத்தியத்தின் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு மைக் வைக்கவும் இரண்டு தேவைப்படும் என்பதால், ஒற்றை மைக் உள்ளீடு மட்டும் உள்ள கருவியை நான் பரிந்துரைப்பதில்லை. முழு டிரம் செட்டையோ, சேர்ந்து வாசிக்கும் குழுவையோ பதிவு செய்வதாக இருந்தால் எட்டு உள்ளீடுகள் உள்ள கருவியைத் தேட வேண்டும்.

பெயரில் உள்ள எண்கள் ஏமாற்றக்கூடும். ஃபோகஸ்ரைட் நிறுவனத்தின் ஸ்கார்லெட் 18ஐ20 என்ற கருவியில் 18 உள்ளீடுகள் உண்டு என்றாலும், மைக் ப்ரீஆம்ப்கள் (மைக்கின் சமிக்ஞையைப் பெருக்கும் பகுதிகள்) எட்டுதான். மற்றவை ஏடாட், எஸ்பிடிஐஎஃப் என்னும் டிஜிட்டல் வழிகளில் வருபவை. ஆகவே ‘எத்தனை மைக் ப்ரீஆம்ப்’ என்ற வரியைத் தேடிப் படியுங்கள். யூஎஸ்பி வசதி உள்ள சிறிய மிக்ஸர்களை வாங்க நினைப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவற்றில் பல, எல்லா ஒலிகளையும் கலந்து ஒரே ஸ்டீரியோ டிராக்காகத்தான் கணினிக்கு அனுப்பும், பிறகு பிரிக்க முடியாது.

படி 2: எதைச் செருகப் போகிறீர்கள்?

கன்டென்சர் மைக் இயங்க 48 வோல்ட் ஃபாண்டம் பவர், அதாவது மைக் கேபிள் வழியாகவே கருவி அனுப்பும் மின்சாரம், வேண்டும். இன்றைய கருவிகளில் பெரும்பாலானவற்றில் அது இருக்கிறது, ஆனால் சிறிய கருவிகளில் எல்லா உள்ளீடுகளுக்கும் ஒரே சுவிட்ச்தான் இருக்கும். இந்த மின்சாரம் தேவைப்படாத டைனமிக் மைக்கைச் சரியான எக்ஸ்எல்ஆர் கேபிளில் (மூன்று முனை உள்ள மைக் கேபிள்) இணைத்திருந்தால் இதனால் கெடுதல் இல்லை. இதனால் பழுதாகக்கூடிய பழைய ரிப்பன் மைக் வைத்திருப்பவர்கள் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

எலெக்ட்ரிக் கிட்டாரை நேரடியாகச் செருகுவதாக இருந்தால், ‘இன்ஸ்ட்’ அல்லது ‘ஹை-இசட்’ என்று குறிக்கப்பட்ட உள்ளீடு அவசியம். அதன் மின்மறுப்பு சுமார் 1 மெகாஓம் அளவில் இருக்கும். கீபோர்டுக்கான லைன் உள்ளீட்டின் மின்மறுப்பு இதைவிடப் பல மடங்கு குறைவு என்பதால், அதே கிட்டாரை அதில் செருகினால் மேல்ஸ்தாயியின் பளபளப்பு மங்கி, ஒலி போர்த்தியது போலக் கேட்கும்.

படி 3: ப்ரீஆம்ப் எவ்வளவு பெருக்கும்?

தொடக்கநிலையாளர்கள் அதிகம் தவறவிடும் விவரம் இதுதான். கன்டென்சர் மைக் ஓரளவு வலுவான சமிக்ஞையைத் தரும்; அதற்குப் பெரும்பாலும் 30 முதல் 40 டெசிபல் கெய்ன் (பெருக்கம்) போதும். டைனமிக் மைக்குகளில் சில மிகவும் மெல்லிய சமிக்ஞையையே தரும். ஷூர் நிறுவனத்தின் எஸ்எம்7பி மைக்குக்குக் குறைந்தது 60 டெசிபல் கெய்ன் வேண்டும் என்று அந்நிறுவனமே சொல்கிறது. உங்கள் கருவியின் உச்சவரம்பு 50 டெசிபல் என்றால், குமிழை முழுவதும் திருகினாலும் மென்குரல் தாழ்ந்தே பதிவாகும். பிறகு மென்பொருளில் உயர்த்தும்போது இரைச்சலும் சேர்ந்து உயரும்.

ஆகவே மைக்கை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஈடுகொடுக்கும் கெய்ன் உள்ள இன்டர்ஃபேஸைத் தேடுவதே சரியான வரிசை. கையேட்டில் இன்னொரு வரியையும் பாருங்கள்: ப்ரீஆம்பின் இரைச்சல் அளவை ‘ஈஐஎன்’ என்று குறித்திருப்பார்கள். −128 டெசிபல்யூ என்பது நல்ல அளவு. −120 அருகே இருந்தால், புல்லாங்குழலின் தாழ்ந்த சுரங்களுக்கும் முணுமுணுப்பான பாடலுக்கும் பின்னால் ‘ஸ்ஸ்’ என்ற ஒலி கேட்க வாய்ப்புண்டு.

படி 4: உங்கள் கணினியோடு ஒத்துப்போகுமா?

யூஎஸ்பி-சி என்பது செருகியின் வடிவத்தைக் குறிக்கும் பெயரே அன்றி வேகத்தைக் குறிப்பதில்லை. 48 கிலோஹெர்ட்ஸில், ஒவ்வொரு அளவையும் 24 பிட்டில் எழுதினால், ஒரு டிராக்குக்கு நொடிக்குச் சுமார் 1.15 மெகாபிட் தேவை, யூஎஸ்பி 2.0-இன் கொள்ளளவோ 480 மெகாபிட். இரண்டு உள்ளீட்டுக் கருவிக்கு, அதைவிட வேகமான தண்டர்போல்ட் இணைப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கருவியை இயங்குதளத்தோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவர் விஷயத்தில்தான் நிதானம் வேண்டும். மேக் கணினிகளில் இதற்கான கோர் ஆடியோ உள்ளிணைந்தே வருகிறது. விண்டோஸில், 1997-இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஆசியோ முறையிலான டிரைவரை, கருவியைத் தயாரித்த நிறுவனமே தருகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் பொதுவான ஆசியோ4ஆல் தற்காலிகமாக உதவும் என்றாலும், கருவிக்கென்றே எழுதப்பட்ட டிரைவருக்கு அது ஈடாகாது. பழைய கருவியை இரண்டாம் கையாக வாங்குவதானால், உங்கள் இயங்குதளத்தின் தற்போதைய பதிப்புக்கு டிரைவர் உண்டா என்பதை நிறுவனத்தின் தளத்தில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

நல்ல டிரைவரின் பயன், தாமதம் குறைவதில் தெரியும். பாடுகிற குரல் கணினிக்குள் போய் ஹெட்ஃபோனுக்குத் திரும்பி வரும் இந்தத் தாமதத்தை லேட்டன்சி என்பார்கள். ஒலியைச் சிறு தொகுதிகளாகச் சேர்த்துக் கணினி கையாளும் இடம் பஃபர்; அதை 128 சாம்பிள் என்று வைத்தால், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு திசைக்கு 2.7 மில்லி நொடி. போகவும் வரவும் கணக்கிட்டு, யூஎஸ்பி, மாற்றிகள் ஆகியவற்றின் தாமதத்தையும் சேர்த்தால் இது மேலும் கூடும். 10 மில்லி நொடி என்பது சுமார் 3.4 மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரிலிருந்து கேட்பதற்குச் சமம். பெரும்பாலானவர்களால் அதோடு வாசித்துவிட முடியும். 25, 30 என்று போனால் தாளம் இழுக்கத் தொடங்கும். பதிவின்போது பஃபரைக் குறைத்தும், கலக்கும்போது 512 அல்லது 1024 என்று உயர்த்தியும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: 24 பிட் போதும், 48 கிலோஹெர்ட்ஸ் போதும்

மனிதக் காதின் எல்லை சுமார் 20 கிலோஹெர்ட்ஸ்; அதைப் பிடிக்க அதன் இருமடங்குக்குச் சற்று மேற்பட்ட சாம்பிள் ரேட் போதும் என்பதால்தான் குறுந்தகடு 44.1 கிலோஹெர்ட்ஸில் நின்றது; 48 அதற்கும் சற்று மேல். 24 பிட் மட்டும் கட்டாயம் வேண்டும், ஏனெனில் இரைச்சலைப் பற்றிய கவலையின்றி அளவைத் தாழ்த்திப் பதிவு செய்ய அது இடம் தருகிறது.

படி 6: கேட்கும் வழி

உள்ளே வரும் ஒலியைக் கணினியைச் சுற்றவிடாமல் நேராக ஹெட்ஃபோனுக்கு அனுப்பும் ‘டைரக்ட் மானிட்டர்’ வசதி கட்டாயம் இருக்கட்டும். ஹெட்ஃபோனுக்கும் ஸ்பீக்கருக்கும் தனித்தனிக் குமிழ்கள் வேண்டும். பதிவின்போது ஸ்பீக்கரை அடக்காவிட்டால் அதன் ஒலி மைக்குக்குள் புகுந்துவிடும். மிடி துளை (எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்ற தகவலைக் கணினிக்கு அனுப்பும் வழி) பழைய கீபோர்டுகளுக்கே தேவை. கணினியில் ஒலிப்பதையே மறுபடி உள்ளீடாக எடுக்கும் லூப்பேக்கும் நேரலை செய்யாதவருக்குத் தேவையில்லை.

படி 7: வாங்கியவுடன் சோதனை

டிரைவரை நிறுவி, கருவியை யூஎஸ்பி ஹப் வழியாக அல்லாமல் நேரடியாகக் கணினியில் இணையுங்கள். பாடலில் மிக ஓங்கி ஒலிக்கும் வரியைப் பாடியபடியே கெய்ன் குமிழை மெல்லத் திருகி, மென்பொருளின் மீட்டரில் உச்சம் −12 டெசிபல் அருகே வரும்போது நிறுத்துங்கள். அதே அளவில் குமிழைத் தொடாமல், மின்விசிறியை அணைத்துவிட்டு, அரை நிமிடம் மௌனத்தைப் பதிவு செய்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். இரைச்சல் தெளிவாகக் கேட்டால் கேபிளையும் யூஎஸ்பி துளையையும் மாற்றிப் பாருங்கள். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் ரீங்காரம் நின்றுவிட்டால் பழுது கருவியில் இல்லை. இவ்வளவுக்குப் பிறகும் இரைச்சல் தொடர்ந்தால், திருப்பித் தருவதற்கான காலக்கெடு முடிவதற்குள் கருவியை மாற்றிக்கொள்ளுங்கள்.