நாலாம் எண் எத்தனை நிமிடம் ஆடினான்? பிள்ளைகளின் கால்பந்து மேட்ச் கணக்கை எழுதும் முறை

என் மகள் ஆடும் பதினொரு வயதுக்குட்பட்டோர் அணிக்கு மூன்று சீசனாக நான்தான் கணக்கு எழுதுகிறேன். முதல் சீசன் முடிந்ததும் எல்லா வீட்டுக்கும் ஒரு தாள் அனுப்பினேன். கோல், அசிஸ்ட் (கோல் போட்டவருக்குப் பந்து கொடுத்தது), மஞ்சள் அட்டை என்று மூன்றே பத்தி. அன்று மாலை 4ஆம் எண் பையனின் பாட்டி போன் செய்தார். முட்டிவலியால் மைதானத்துக்கு வர முடியாதவர். "ஏம்மா, எங்க பையனுக்கு நேரே எல்லாம் சைபரா இருக்கே, அவனை ஆடவே விடலையா?" என்று கேட்டார்.

அவன் தடுப்பாட்டக்காரன். அநேகமாக எல்லா மேட்சிலும் முக்கால்வாசி நேரத்துக்கு மேல் களத்தில் நின்றவன். நான் அனுப்பிய தாளில் அது எங்குமே இல்லை. எனவே இப்போது என் நோட்டில் முதல் பத்தி நிமிடம்தான், கோல் அப்புறம்தான். புதிதாக இந்த வேலையை எடுப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்.

நிமிடம் எழுதுவது பார்க்கிற அளவுக்குக் கடினமில்லை. எங்களுடையது ஏழு பேர் ஆட்டம், பாதிக்கு 25 நிமிடம். வெளியே வந்தவர் மறுபடி உள்ளே போகலாம். பக்கத்தின் இடது ஓரத்தில் பெயர் வேண்டாம், ஜெர்சி எண்ணை மட்டும் எழுதுங்கள். ஓடுகிற பிள்ளையின் முதுகில் தெரிவது எண்தான். எதிரே, உள்ளே போன நிமிடமும் வெளியே வந்த நிமிடமும். 4ஆம் எண்ணுக்கு 0–12, 18–50 என்றிருந்தால் 12 + 32, மொத்தம் 44. இரண்டாம் பாதியை மறுபடி சைபரிலிருந்து தொடங்காமல் 25இலிருந்தே எண்ணுங்கள், குழப்பம் வராது. காயத்துக்காக ஆட்டம் நின்றாலும் ஸ்டாப்வாட்சை நிறுத்தாதீர்கள். நடுவர் கூட்டித் தரும் நேரத்தை நான் நிமிடக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த நேரத்தில் கோல் விழுந்தால் 25+1 என்று எழுதிவிடுவேன்.

மேட்ச் முடிந்ததும் எல்லாருடைய நிமிடத்தையும் கூட்டிப் பாருங்கள். ஏழு பேர், 50 நிமிடம்: 350 வர வேண்டும். ஒருமுறை எனக்கு 343 வந்தது. அந்த 7 நிமிடத்தை நோட்டில் தேடினேன். 31ஆவது நிமிடத்தில் 6ஆம் எண் வெளியே வந்ததை எழுதியிருந்தேன். பதிலுக்கு உள்ளே போன 11ஆம் எண்ணை எழுத விட்டுவிட்டேன். அவள் 38இல் திரும்பி வந்துவிட்டாள். அந்தப் பிள்ளை அன்று ஆடியதே அந்த 7 நிமிடம்தான். கூட்டிப் பார்க்காமல் விட்டிருந்தால் அவளும் வெறும் சைபராகப் போயிருப்பாள். ஆள் பற்றாமல் ஆறு பேரோடு ஆடிய நேரம் இருந்தால் மட்டும் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

கோல் எழுதுவதில்தான் சண்டை வரும், அதனால் சில விதிகளைச் சீசன் தொடங்கும் முன்பே கோச்சோடு பேசி முடிவு செய்துவிடுங்கள். பந்து முழுவதுமாகக் கோட்டைத் தாண்டினால்தான் கோல். அதை முடிவு செய்பவர் நடுவர், நாம் இல்லை. த்ரோ-இன், அதாவது பக்கக் கோட்டிலிருந்து கையால் எறியும் பந்து, யார் மீதும் படாமல் நேராக எதிரணி வலைக்குள் போனால் கோல் கிடையாது. பெற்றோர் பலர் இதற்குக் கைதட்டிவிட்டு என் நோட்டை எட்டிப் பார்ப்பார்கள். வலையை நோக்கிப் போன ஷாட் தடுப்பாளர் காலில் உரசிக்கொண்டு உள்ளே போனால் அடித்தவருக்கே அந்த கோல். தன் வலைக்குள்ளேயே போட்டுக்கொள்ளும் சேம்சைடு கோலுக்குத் தனிப் பத்தி போடுங்கள். எதிரணிக்காரர் போட்டுக்கொண்டதை நம் பிள்ளை யாருடைய கணக்கிலும் ஏற்றாதீர்கள். அந்தப் பத்தி இல்லாவிட்டால் தனித்தனி கோல்களின் கூட்டல் ஸ்கோரோடு ஒத்துப்போகாது. ஆட்டம் 2–2 என்று சமனானால், டைபிரேக்கரில் போடும் பெனால்டிகளும் தனிக்கணக்குதான்: ஸ்கோரை 2–2 என்றே வைத்து, யார் ஜெயித்தார்கள் என்பதைப் பக்கத்தில் குறியுங்கள்.

அசிஸ்ட் என்பது கால்பந்து விதிப்புத்தகத்தில் இல்லாத சங்கதி. எது அசிஸ்ட் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொல்வார்கள். கோலுக்கு முந்தைய கடைசி பாஸ் மட்டும் என்று எங்கள் கோச் சொன்னார். கோல்கீப்பர் தட்டிவிட்ட பந்தைப் பிடித்து இன்னொருவர் அடித்தால், முதலில் ஷாட் அடித்தவருக்கும் கொடுக்கலாம் என்றார். எதை வைத்தாலும் சீசன் நடுவில் மாற்றாதீர்கள்.

வெறும் எண்ணிக்கையை நம்பி ஏமாறுவது பெரியவர்களுக்கும் நடந்திருக்கிறது. பிரிட்டன் விமானப்படையில் கணக்கு அதிகாரியாக இருந்த சார்லஸ் ரீப், 1950 மார்ச் 18 அன்று ஸ்விண்டன் டவுன் என்ற இங்கிலாந்து அணி ஆடிய மேட்சில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து குறிக்கத் தொடங்கினார். பிறகு நூற்றுக்கணக்கான மேட்சுகளைக் குறித்து, பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸுக்குள் விழுகின்றன, ஆகவே பந்தை நீளமாக அடித்து முன்னே அனுப்புவதே நல்லது என்று சொன்னார். ஆனால் ஆட்டத்தில் பெரும்பாலான நகர்வுகளே மூன்று பாஸுக்குள் அறுந்துபோகிறவைதான். அப்படியிருக்க, கோலும் அதிலிருந்துதான் அதிகம் வரும். எத்தனை வாய்ப்பில் எத்தனை கோல் என்று வகுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

நம் அணியிலும் அதே கதைதான். 9ஆம் எண் 600 நிமிடத்தில் 12 கோல் போட்டாள், 11ஆம் எண் 200 நிமிடத்தில் 5 கோல் என்று வைத்துக்கொள்வோம். 50 நிமிடத்துக்கு எவ்வளவு என்று வகுத்தால் முதலாமவளுக்கு 1, இரண்டாமவளுக்கு 1.25. நிமிடம் எழுதாத நோட்டில் இது தெரிய வழியே இல்லை.

கோல்கீப்பருக்கு, வலையை நோக்கி வந்த ஷாட்டை மட்டும் எண்ணுங்கள். கம்பத்தில் பட்டுத் திரும்பியதும் வெளியே போனதும் இதில் சேராது. 8 தடுத்து 2 விட்டால் 80 சதவீதம். சின்ன வயதில் கீப்பரை மாற்றி மாற்றி நிறுத்துவார்கள், ஆகவே யார் எத்தனை நிமிடம் வலையில் நின்றார் என்பதையும் குறியுங்கள். விட்ட கோல் கணக்கைக் கோச்சுக்குத் தவிர யாருக்கும் அனுப்பாதீர்கள். பத்து வயதுப் பிள்ளை அதை ஊர் முழுக்கப் படிக்கும்படி வைப்பது தப்பு.

தடுப்பாட்டக்காரர்களுக்கு நான் இரண்டே விஷயம் குறிக்கிறேன்: பந்தைப் பறித்தது, ஷாட்டை மறித்தது. கோடு போட்டு எண்ணுவதுதான், நாலு கோடு, குறுக்கே ஒன்று. இதற்கு மேல் பாஸ், ஓட்டம் என்று எண்ணப் போனால் ஆட்டத்தைப் பார்க்க முடியாது. முடிந்தால் இரண்டு பேராகச் செய்யுங்கள். ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். நம் பிள்ளை பந்தோடு ஓடும்போது யாருக்கும் கை எழுதாது, அந்த நேரத்தில் பக்கத்திலிருப்பவர் பார்த்துக்கொள்வார். இன்னொன்று, மழையில் பேனா எழுதாது, பென்சில் எழுதும். மைதானத்தை விட்டுக் கிளம்பும் முன் பக்கத்தைப் போட்டோ எடுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து கூகுள் ஷீட்ஸில் ஏற்றும்போது மேட்சுக்கு ஒரு ஷீட் என்று திறக்காதீர்கள், சீசன் கடைசியில் கூட்ட முடியாமல் திண்டாடுவீர்கள். எல்லாம் ஒரே ஷீட்டில், ஒரு பிள்ளைக்கு ஒரு மேட்ச் என்றால் ஒரு வரிசை: தேதி, எதிரணி, ஜெர்சி எண், நிமிடம், கோல், அசிஸ்ட், பறித்தது, மறித்தது. பிவட் டேபிள் (வரிசைகளைப் பிள்ளைவாரியாகக் கூட்டித் தரும் வசதி) போட்டால் மொத்தம் தானே வந்துவிடும். மேட்ச் முடிவுகளுக்கு மட்டும் தனி ஷீட். வெற்றிக்கு 3, சமனுக்கு 1 என்ற புள்ளியும், போட்ட கோலிலிருந்து வாங்கியதைக் கழித்த வித்தியாசமும் அதில் இருந்தால் போதும்.

மேட்ச் அட்டவணையைப் பகிர்ந்த காலண்டரில் வையுங்கள். தள்ளிப்போன மேட்சை அழித்துவிட்டுப் புதிதாகப் போடாமல், அதே பதிவில் தேதியை மாற்றுங்கள். எல்லார் போனிலும் தானாக மாறிவிடும். காலண்டரில் மற்றவர்களுக்குப் பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள்.

அணியின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஸ்கோரும் அடுத்த மேட்சின் நேரமும் மட்டும் போகும். யார் அதிக கோல் என்று வரிசைப்படுத்திப் போடுவதை நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு பிள்ளையின் கணக்கும் அந்தந்த வீட்டுக்குத் தனியாகப் போகிறது, எண்களுக்குக் கீழே நான் கண்ணால் பார்த்த ஒரு வரியோடு. போன வாரம் பாட்டிக்கு அனுப்பியது இது: "4ஆம் எண், 44 நிமிடம், பறித்தது 6, மறித்தது 2. கடைசி நிமிடத்தில் கோட்டருகே சறுக்கிப்போய்ப் பந்தை வெளியே தள்ளினான், ஸ்கோர் 1–0இல் நின்றது."